துரையிடம் சொன்னது

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டைகளில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையலில் குறையில்லையாம். காலர் மடிப்புக்குள் கறுப்பு முடி. "வீட்ல நாய் இருக்காம்மா?" என்று மட்டும் சூப்பர்வைசரம்மா போனில் கேட்டார். மானம் போயிற்று.

குற்றவாளி மெஷினுக்கு அடியில் படுத்திருந்தது. துரை என்று பெயர் வைத்ததற்குக் குறையில்லை, தட்டை முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தால்தான் சாப்பிடும். ஒரு அதட்டல் போட்டேன். கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பிப்ரவரி 9

காலையில் அவர் துரையோடு ஒரு சுற்றுப் போய்வந்தார். வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து அதனிடம் பேச்சு. ஒரு கண் சரியில்லை, இனி பஸ் ஓட்ட வேண்டாம் என்று டிப்போவில் சொன்னதிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறார். "சரி." "வேணாம்." "வச்சிடு." துரையிடம் மட்டும் ஊர்க்கதை.

அவருடைய ரூட்டில் இப்போது யாரோ புது ஆளாம். பாலத்து வளைவில் பிரேக்கைப் போட்டு மிதிக்கிறானாம். "அந்த எடத்துல காலை எடுத்தாலே போதும் துரை, வண்டி தானா அடங்கிடும்." நூல் மாற்ற மெஷினை நிறுத்தியிருந்தேன், ஒட்டுக் கேட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். கட்டின பெண்டாட்டி இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். நாய்க்கு என்ன தெரியும், கிளட்சும் பிரேக்கும்?

பிப்ரவரி 12

மறுபடியும் முடி. இந்தத் தடவை பாக்கெட்டுக்குள்.

பிப்ரவரி 15

அவரோடு பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் வந்திருந்தார். அவருடைய மகள் நாய் வேண்டும் என்று உயிரை வாங்குகிறாளாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"இதையே கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றேன்.

கண்டக்டர் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அவளுக்குத் தொழிலாச்சே. கூட்டிட்டுப் போப்பா" என்றார். கயிற்றைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வார்த்தை, 'வேணாம்டி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பார், இங்கேயும் பழியை அவர் தலையில் போடுகிறேன். முடி ஒரு சாக்கு. எனக்குப் பொறாமை. போயும் போயும் ஒரு நாய் மேல.

பிப்ரவரி 17

சட்டைகள் சுத்தமாகப் போயின. சூப்பர்வைசரம்மாவுக்குத் திருப்தி.

பிப்ரவரி 24

அவர் வெளியே காலடி எடுத்து வைப்பதேயில்லை. கடைக்குப் போய்வரச் சொன்னால், "அப்புறம்." மெஷினை நிறுத்தினால் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

துரை இருந்தபோது சிரிப்பதற்காவது ஏதாவது இருந்தது. சோபாவில் ஏறக்கூடாது என்பது சட்டம். அவர் செருமினால், முன்னங்கால்களை மட்டும் தரையில் வைத்துவிட்டு, இறங்கிவிட்டதாகப் பாவனை பண்ணும். பின்பாதி சோபாவிலேயே இருக்கும். "இது எந்த ஊர் நியாயம்?" என்று அவர் கேட்க, நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சண்டை போட்ட நாட்களில்கூட அந்தச் சிரிப்பு எங்களைச் சேர்த்து வைத்துவிடும்.

வெளியூரிலிருந்து மகன் போன் பண்ணினான். "துரை சத்தமே காணோமேம்மா?" தூங்குது என்று பொய் சொன்னேன்.

மார்ச் 1

"போய்த் திரும்பக் கேட்டுடலாமா?" என்றேன். "குடுத்ததைக் கேட்பாங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா பார்த்துட்டு வரலாம்."

இவர் கேட்காவிட்டால் போகட்டும், நான் கேட்பேன். காலில் விழுந்தாவது. புதுக் கயிறு வாங்கிப் பையில் போட்டுவிட்டேன்.

மார்ச் 5

போய்வந்தோம். எங்கிருந்து தொடங்குவது?

துரை இவர் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கேட்க இதுதான் சமயம் என்று பைக்குள் கையை விட்டேன். அப்போது கண்டக்டரின் மகள் பாடப் புத்தகத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். துரை போய் அவள் மடியில் தலை வைத்தது. அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குத் திக்குவாய். தன் பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குவாள். துரைக்குப் படிக்கும்போது அங்கங்கே தடுக்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாங்கன்னா பாதியிலேயே வார்த்தையை எடுத்துக் குடுத்துடுவோம்க்கா, பொறுமை கிடையாது" என்று அவள் அம்மா என் காதில் சொன்னார். "இது கேட்டுக்கிட்டே படுத்திருக்கு."

கையை வெளியே எடுத்துக்கொண்டேன். கயிறு பைக்குள்ளேயே கிடந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், "என்ன நம்பர் வருது?" என்று அவர் கேட்டார். சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அதுகிட்ட அவ்வளவு பேசினீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"உன்கிட்டதானே பேசினேன். மெஷின் நிக்கட்டும்னு பார்த்துத்தானே ஆரம்பிப்பேன்."

ஒட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பைத்தியக்காரி.

"ஒண்ணு மட்டும் மெஷின் ஓடறப்ப சொன்னேன்" என்றார். "இன்னொரு கண்ணும் மங்கிக்கிட்டு வருது."

என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "என்ன மனுஷன் நீங்க, அன்னைக்கே சொல்லியிருந்தா வேற டாக்டரைப் பார்த்திருக்கலாம்ல" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6

எனக்கு வேணும். நல்லா வேணும்.

மார்ச் 11

டாக்டர் பேச்சை நான் எடுக்கவில்லை. எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கே புதுசாக இருக்கிறது.

மார்ச் 14

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தார்.

துரையோடு போகும் அதே வழி. பாதித் தெரு தாண்டியதும் மெல்லப் பேச ஆரம்பித்தார். கடைசியாக பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, சாவியைக் கொடுக்காமல் சீட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அன்று வீட்டுக்கு வந்தவரிடம் ஏன் லேட் என்று நான் கேட்டதும், சண்டை போட்டதும் நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா, வேறு டாக்டர் பற்றிச் சொல்லலாமா... பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

தெருமுனையில் நடைபாதை முடிந்து ரோட்டுக்கு இறங்கும் இடம். அவர் நின்றுவிட்டார். காலால் தரையைத் துழாவினார்.

"படி இங்கதானே?" என்றார். "துரை நின்னா நானும் நின்னுடுவேன். அது இறங்கினா இறங்குவேன். கயித்துலயே தெரிஞ்சிடும்."

அவர் ஏன் வெளியே போகவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

என் தோளை அவர் பக்கம் காட்டினேன். கையை வைத்துக்கொண்டார். நான் இறங்கினேன், அவரும் இறங்கினார்.