அயுத்தயா மழையில் கேட்ட சொல்

ரூஜ், ரொறன்ரோ
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிரூபனுக்கு,

மாமாங்கேஸ்வரர் கண் திறந்து பார்த்ததில் இங்கே அக்கா தேனுகா வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று எண்ணிக்கொண்டே இதைச் சொல்லத் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் றூபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கனடா வந்து சேருமுன் உன்னுடைய பாங்கொக்கிலும் சில வருஷம் ஒளித்துத் திரிந்தவன். நான் மனே என்று சொன்னால் இவன் மகனே என்று எழுதுகிறான். கேட்டால், எழுதினால் ஒழுங்கான தமிழிலைதான் எழுதுவன் அங்கிள், உங்கடை மட்டக்களப்புக் கதையை அவர் மனசுக்குள்ளை போட்டு வாசிக்கட்டும் என்கிறான். ஆகவே எழுத்து அவனுடையது, கதை என்னுடையது என்று எடுத்துக்கொள்.

இங்கே இலை எல்லாம் கொட்டி முடிந்துவிட்டது, காலையில் காரின் கண்ணாடியில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது, மருமகன் குளிர்கால ரயர் மாற்றிவிட்டான். அவன் வேலை முடிந்து பிக்கரிங்கில் இருந்து வந்து சேர இப்போதெல்லாம் இருட்டிவிடுகிறது. அக்காவுக்கு முதுகு நோவு, பெட்டி தூக்காதே என்றால் கேட்பதில்லை. பேத்தி அட்சயா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் வீட்டில் நிற்பதே குறைவு, நிற்கும் நேரத்தில் என்னைப் பிடித்துப் பகிடி பண்ணுகிறாள். அம்மப்பா, அவ்வளவு தூரம் போய் அந்த மரத்துக்குள்ள இருக்கிற புத்தர் தலையோட ஒரு செல்ஃபிகூட எடுக்கேல்லையா, வேஸ்ட் என்று நேற்றும் சொன்னாள். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீ தை மாதம் கலியாணம் என்று நாள் வைத்துவிட்டு, அப்பா எப்ப வாறீங்க, டிக்கற் போடட்டா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாய். நானும் கால் நோகுது, குளிர் விடட்டும் என்று தட்டிக்கொண்டே வருகிறேன். இனியும் உன்னைக் காக்க வைப்பது முறையில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ முகம் தெரிகிற மாதிரித்தான் எடுக்கிறாய், பக்கத்தில் நீ கட்டப்போகிற சுனிசா சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்து என்றால் நீ மட்டும் வாசிப்பாய்.

புரட்டாசியில் நான் உன்னிடம் வந்திருந்தபோது, சுனிசாவின் தாய் வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பழைய கோயில்களையும் பார்ப்போம் என்று காரில் ஏற்றினாய். அயுத்தயா என்று நீ சொன்னது எனக்கு அயோத்தி என்று கேட்டது, ஓம் அப்பா அந்தப் பேர்தான் என்றாய். ராமன் ஆண்ட ஊரின் பேரை வைத்துக்கொண்டு உள்ளே முழுக்கப் புத்தர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வழி நெடுக மழை. எங்கள் மாரி மழை மாதிரிக் காற்றோடு அடிக்கிற மழை இல்லை, நின்ற இடத்தில் நின்று கொட்டுகிற மழை. ஆறு மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது, கரையோரக் கோயில் ஒன்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். செங்கல் கோபுரங்கள் நனைந்து கறுத்துப்போய் நின்றன, ஒன்றிரண்டு ஒரு பக்கம் சரிந்து இன்றைக்கோ நாளைக்கோ என்ற மாதிரி. அதற்குள்ளே வரிசையாய் இருந்த புத்தருக்கெல்லாம் தலை இல்லை. மடியில் கையை வைத்தபடி உடம்பு மட்டும் இருக்கிறது, கழுத்து முறிந்த குழியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. யார் வெட்டினது என்று கேட்டேன், பர்மாப் படை வந்து ஊரையே எரிச்சதாம் என்றாய். அவர்கள் என்ன சாமி என்று கேட்டேன், அவங்களும் புத்தர்தான் அப்பா என்றாய். நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன், எனக்குக் குளிருகிறது என்று நினைத்து நீ உன் சட்டையைக் கழற்றித் தந்தாய்.

அதன் பிறகுதான் அந்த மரம். வேர் பின்னிப் பிடித்து வைத்திருக்கிற தலை, கண் பாதி மூடியபடி. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் குந்தவேண்டும், எங்கள் தலை அந்தத் தலைக்கு மேலே நிற்கக்கூடாதாம். சுனிசா ஈரத் தரையில் முழங்காலை ஊன்றிவிட்டாள். நான் நின்றேன். காவலாளி கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான், நான் நின்றேன். அப்பா சும்மா குந்துங்க, ஒரு படம்தானே என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். எனக்குப் படம் வேண்டாம் என்றேன். எண்பதை எட்டிய வயதில் பிடிவாதம் என்று நீ நினைத்திருப்பாய். மகனே, உன் அண்ணன் கோணேசனைக் கொண்டுபோன இராணுவ முகாமின் வாசலில் அரச மரத்தடியில் ஒரு புத்தர் இருந்தார், நீ அப்போது கைக்குழந்தை. விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். அந்த வாசலைக் கடக்கிறவன் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், தலையில் கட்டின துண்டை அவிழ்க்கவேண்டும், குனியவேண்டும். நான் இறங்கினேன், அவிழ்த்தேன், குனிந்தேன், பிள்ளையைக் கேட்டேன். நாளும் பொழுதும் குனிந்தேன். அப்படி ஒருவன் இங்கே வரவே இல்லை என்று அவர்கள் கையை விரித்த நாளில் நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன், அதற்குப் பிறகு அந்த உருவத்தின் முன்னால் நான் குனிந்ததில்லை. உன் அம்மா தெய்வநாயகி கண்ணை மூடும்வரை அவளுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

உனக்குக் கோபம், மழையும் கூடிவிட்டது, காரைக் கிட்டக் கொண்டுவாறன் என்று ஓடிவிட்டாய். எனக்கு அந்தத் தலைக்கு முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை, இடிந்த மதில் ஓரமாய் நடந்தேன். கல் எல்லாம் பாசி, ஒரு பக்கத்தில் பழைய குளமோ கிடங்கோ வெள்ளம் நிறைந்து தரையோடு தரையாய்க் கிடந்தது. பின்னால் இருந்து சுனிசாவின் குரல் கேட்டது. போ, போ என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தேன், என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாள். தமிழில் நாலு சொல் உன்னிடம் படித்திருப்பாள், அதில் இதையும் படித்துவிட்டாள் என்று நினைத்தேன். தன்னுடைய சாமிக்குத் தலை சாய்க்காதவனை நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறாள் என்று நினைத்தேன். போகச் சொன்னால் போகிறேன் என்று இன்னும் விறுவிறு என்று நடந்தேன். முழங்கால் அளவு தண்ணீரில் காலை வைத்துவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உடுப்போடு இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள், அப்போதும் அதே சொல்தான். நீ காரோடு வரும்போது எங்கள் இரண்டு பேரையும் நனைந்தபடி கண்டாய், என்ன நடந்தது என்று கேட்டாய், ஒருத்தரும் சொல்லவில்லை.

சுனிசாவின் தாய் வீட்டில் மீன் பொரித்து, இலைக்கறி வைத்து, பாவம் அந்த மனுசி எனக்காக உறைப்பும் கூட்டியிருந்தாள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிக் கை வைக்கவில்லை. நீ வேலைப் போன் வந்து வெளியே நின்றாய். சுனிசா என் வயிற்றுக் கதையை நம்பிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து நீட்டினாள், நீட்டிக்கொண்டே மெல்லமாய்ப் போ என்றாள். கஞ்சியையும் தந்து போ என்றும் சொல்கிற சனம் என்ன சனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதனால்தான் மகனே, திரும்பி விமானம் ஏறும்வரை நான் உங்கள் வீட்டில் பாணும் தேத்தண்ணியும் மட்டும் எடுத்தேன். அதனால்தான் தையில் நான் வரவில்லை. உன் கலியாணத்தை நீ செய், நான் தடுக்கவில்லை, ஆனால் என்னை வேண்டாம் என்று சொன்னவளின் தலையில் நான் கை வைக்கமாட்டேன்.

இவ்வளவையும் எழுதியதும் றூபன் பேனையை மேசையில் வைத்துவிட்டான். கை உளைகிறதோ என்று கேட்டேன். இல்லை அங்கிள், அவா என்னெண்டு கூப்பிட்டவா, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றான். போ என்று சொன்னாள் என்றேன். அப்பிடி இல்லை, அவா சொன்ன மாதிரியே சொல்லுங்கோ என்றான். எனக்குக் கேட்டது மறக்காது, நீட்டி, கடைசியில் குரலைக் கீழே விட்டு, அவள் மாதிரியே சொல்லிக் காட்டினேன். அங்கிள், அவையின்ரை பாசையிலை அப்பாவை அப்பிடித்தான் கூப்பிடுறது என்றான். பகிடி விடாதே என்றேன். அம்மாவாணை அங்கிள், நாங்கள் பாங்கொக்கிலை இருந்த வீட்டுக்காரற்றை பிள்ளையள் விடிஞ்சாப் பொழுதுபட்டா போ, போ எண்டுதான் நிக்குங்கள், முதல்லை நானும் உங்களை மாதிரித்தான், என்ன பிள்ளையளடா இதுகள், தேப்பனை வீட்டை விட்டுக் கலைக்குதுகள் எண்டு நினைச்சனான் என்றான். பிறகு, இதைக் கிழிச்சுப்போட்டுப் புதுசா எழுதுவமோ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நான் என்ன நினைத்துக்கொண்டு இருந்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். எழுதினது எழுதினபடி இருக்கட்டும், மேலே எழுது என்றேன். இவன் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான்.

மகனே, வழுக்குகிற கல்லில் நான் நடக்க நடக்க அந்தப் பிள்ளை அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு மழையில் ஓடி வந்திருக்கிறாள். நான் அவளுடைய சாமிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதை அவள் முழங்காலில் இருந்தபடி பார்த்தவள். பார்த்த பிறகும் என்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். கோணேசனுக்குப் பிறகு யாரும் என்னைத் தேடி அப்படி ஓடி வரவில்லை. நீ டிக்கற்றைப் போடு. சங்கில் தண்ணீர் எடுத்துப் பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் ஊற்றுவார்கள் என்று சொன்னாயே, நான் வந்து ஊற்றுகிறேன். பிக்குமார் ஓதும்போது நான் கும்பிடுவேனா என்று மட்டும் கேட்காதே. அந்தத் தலை இல்லாத உடம்புகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவுதான் இப்போது சொல்லமுடியும். ஒரு ஓரத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டுவிடு, மரியாதைக் குறைவு என்று சுனிசாவின் தாய் நினைக்காதபடி முன்னமே சொல்லிவை. என் வயிறு சுகம் என்றும் அந்த மனுசிக்குச் சொல்லு. இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கவேண்டும் என்றேன், இனி அது தேவையில்லை. இருத்தி வைத்துச் சுனிசாவுக்குச் சொல்லு, கோணேசனையும் சொல்லு. எங்கள் வீட்டுக்கு வருகிறவளுக்கு இந்த வீட்டில் ஒரு மூத்த பிள்ளை இருந்தது தெரியவேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் துணையாய், மனம் நோகாமல், நிறைய நாள் நன்றாய் வாழவேண்டும் என்று உன் அம்மாவையும் சேர்த்து நான் வாழ்த்துகிறேன். மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓடாதே, அக்காவுக்குக் கிழமையில் ஒருக்கால் போன் எடு, முதுகைப் பார்க்கச் சொல்லி நீ சொன்னால்தான் கேட்பாள். இன்னும் ஒன்று. அவள் அப்பா என்று கூப்பிட்டால் நான் அவளை என்ன சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று றூபனிடம் கேட்டேன். லூக் என்று சொல்லவேணும் அங்கிள், பிள்ளை எண்ட மாதிரி என்று சொல்லித் தந்தான். லூக், லூக் என்று சொல்லிப் பார்க்கிறேன், இவன் சிரிக்கிறான், குரலை விழுத்தவேணுமாம், எனக்கு விழவில்லை. தைக்குள் சரிவராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். அவளுக்கு அது வேறு ஏதாவதாய்க் கேட்டுவிட்டால், நான் என்ன சொன்னேன் என்று நீ அந்த இடத்திலேயே அவளுக்குச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மாமாங்கம்

(அவர் சொல்ல எழுதியது: றூபன்)