மாடி இல்லாத காவல் நிலையம்

மகளுக்கு,

லாரி ஓட்டுநர் இறந்துவிட்டார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இன்று காலை என்னிடம் உறுதி செய்தார். காவல் நிலையத்தில் விசாரணையின்போது அவர் மாடிப்படியில் தவறி விழுந்ததாக, தேசியக் காவல்துறையின் செய்தித் தொடர்பாளராக நீ நேற்று தொலைக்காட்சியில் வாசித்தாய்.

அந்த நிலையத்துக்குப் போய்வந்தேன். தகரக்கூரை போட்ட ஒற்றைத் தளக் கட்டடம். ஓட்டுநரின் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "மாடியா? இங்க ஏறி விழணும்னா கூரை மேலதான் ஏறணும்" என்றாள். உள்ளே இருந்த ஏட்டு தலையைத் தூக்கவே இல்லை.

நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் உங்கள் தலைமையகத்தில் ஒரே அறைதான் அறிக்கை தயாரிக்கிறது. பழைய அறிக்கையில் ஊரையும் பெயரையும் மாற்றுகிறீர்கள். அங்கே மாடி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படி வாசிக்கலாமா என்று போனில் கேட்டதற்கு நீ சொன்னாய்: "எழுதிக் குடுக்கறத வாசிக்கிறேன்பா. அதுதான் என் வேலை. உங்க பேப்பர் மட்டும் ரொம்ப யோக்கியமா?"

இல்லைதான். ஆனால் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வா. அவள் சந்தோஷப்படுவாள். அன்று நான் வெளியூரில் இருப்பேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். என் செய்தி நாளைய இதழில் வருகிறது. நீ வாசித்ததைத் திரும்பப் பெறுகிறாயா என்ற கேள்விக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்காக இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். இன்று மாலைக்குள் வராவிட்டால், உன் பெயருக்குப் பக்கத்தில் 'பதிலளிக்க மறுத்தார்' என்று அச்சாகும்.

அப்பா