கல்யாணத்தில் அப்பா பேசலாமா?

உல்ம், ஜெர்மனி,
செப்டம்பர் 14

அன்பு மகள் ஸ்வென்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். லீட்ஸில் நீயும் மாப்பிள்ளை ரூபர்ட்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அப்பா, கல்யாணத்துக்கு வாங்க, சாப்பிடுங்க, ஆடுங்க. பேச மட்டும் வேண்டாம்." பெண்ணைப் பெற்றவன் எழுந்து நாலு வார்த்தை பேசுவது அந்த இங்கிலாந்து வழக்கம். என் பங்கை இப்போது மாப்பிள்ளையின் மாமா பேசப் போகிறாராம். எல்லாம் அந்தக் கேக்கால் வந்த வினை. போன தடவை அங்கே வந்தபோது உன் மாமியார் மார்ஜரி, தான் செய்த கேக் எப்படி என்று கேட்டார், காய்ந்திருக்கிறது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னது ஒரு குற்றமா? இன்றைக்குக் கேட்டாலும் அது காய்ந்த கேக்தான்.

இருந்தாலும் உனக்காக மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டீச்சர் ஃபியோனா ஸ்காட்லாந்துக்காரி. நம் ஜெர்மன் வாயில் வராத ஒரு ஆங்கில ஒலிக்காக நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டச் சொல்கிறாள். லிஃப்ட் சோதிப்பதுதானே என் வேலை, உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழகினேன். கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினால் வாசலில் அந்தக் கட்டடத்து ஆறாம் மாடி திருமதி டீட்செல். என் நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு ஆறு மாடியும் படியேறியே போனார்.

மரியாதைப் பாடம் இதைவிட மோசம். எதையும் நேராகக் கேட்கக் கூடாதாம். சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம், சிரமம் இல்லையென்றால் உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னய்யா தப்பு பண்ணிட்டு வந்திருக்கே? மரியாதையா சொல்லிடு" என்றாள்.

போன வாரம் இது வேலையிலும் வந்துவிட்டது. ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கம்பிக் கயிறு பிரிந்து கிடந்தது. வாய் பழகிப்போனதால் மேலாளர் வெட்செலிடம், கயிறு சற்றே களைத்திருக்கிறதோ என்று தோன்றுகிறது, முடிந்தபோது பார்த்தால் நன்றாயிருக்கும் என்றேன். மனுஷன் நன்றி சொல்லிவிட்டு அதே லிஃப்டில் ஏறினார்! சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "இறங்குய்யா வெளியே, செத்துத் தொலைவே!" என்று கத்தினேன். கயிற்றைக் காட்டியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதை முதல்லயே இப்படிச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஃபியோனாவிடம் இதைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, உங்கள் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதுவது பற்றி யோசிக்கலாமே என்றாள். அவள் அப்படிச் சொன்னால் கட்டளை என்று அர்த்தம், அந்த அளவுக்குப் படித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

யாருக்கும் சிரமம் இல்லையென்றால், கல்யாணத்தன்று நானும் இரண்டு வார்த்தை பேசினால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இது வகுப்பில் படித்தபடி கேட்பது. நம் வீட்டு வழக்கப்படி கேட்கிறேன்: என் மகளுக்காக வேறொருவர் எழுந்து நிற்பதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. வலிக்கிறது, ஸ்வென்யா. என்னைப் பேச விடு.

வேண்டாம் என்றால் வாயே திறக்க மாட்டேன். நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தபடியே மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

உன் அப்பா,
ஹார்ட்முட்