நீ விற்ற பதில்

இன்று காலை எங்கள் பள்ளி வராந்தாவில் கஞ்சிப் பசையின் மணம். ஆசிரியை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண்கள் எல்லோரும் விறைத்த வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். நீ இறந்துபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. நீ வகுத்த சீருடை இன்னும் போகவில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி நீ. கணவர் இறந்தபின் எங்கள் ஊர் பேகம்பூரில் ஒரு மாடி அறை பிடித்து, வேலை தேடும் பெண்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுப் பயிற்சி தொடங்கினாய். என்ன உடுத்துவது, எப்படி உள்ளே நுழைவது, எதைக் கேட்டால் எதைச் சொல்வது. எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன்.

"ஏண்டி, மெட்ராஸ்ல படிச்ச நமக்கே அன்னிக்கு இண்டர்வியூல நாக்கு ஒட்டிக்கிருச்சு. சாணார்பட்டியில இருந்து வர்ற பிள்ளை என்ன செய்யும்? பேசத் தெரியலங்கிறதுக்காக அது வீட்ல கெடக்கணுமா?" என்றாய்.

ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவள் நான். "ஏம்மா டீச்சராகணும்கிற?" என்று எங்கள் தாளாளர், புகையிலை வியாபாரி, கேட்பார். வந்த பெண்களுக்கெல்லாம் கணக்கு வராத ஒரு தங்கை இருந்தாள். அவளுக்குப் புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கூட்டல் சொல்லிக்கொடுத்தார்களாம். அவள் முகம் தெளிந்த அன்றே முடிவு செய்தார்களாம். முதலில் தாளாளர் உருகிப்போய் வேலை கொடுத்தார். பிறகு ஒருத்தியிடம், "தங்கச்சி இப்ப என்னம்மா படிக்குது?" என்றார். வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவள் விழித்தாள். அதன்பின் உண்மையாகவே திக்கித் திணறியவளைப் பார்த்துக்கூட, "இது புதுப் பாடமோ?" என்றார்.

அந்தத் தங்கையை எனக்குத் தெரியும்; உன் தங்கைதான். விடுமுறையில் உன் வீட்டில் அவள் புளியங்கொட்டை எண்ணிக் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். "அவளப் போயி விக்கிறியே" என்றேன். "எங்கிட்ட வேற சரக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தாய்.

கடைசியில் உனக்கே வேலை தேவைப்பட்டது. நெஞ்சு வலியோடு மாடி ஏற முடியவில்லை. மகளைப் படிக்கவைக்க மாதச் சம்பளம் வேண்டும். வயது வரம்பும் நெருங்கிவிட்டது. எங்கள் பள்ளிக்கே மனுப் போட்டாய். தாளாளர் அதே கேள்வியைக் கேட்டார். "என் தங்கச்சிக்குக் கணக்கு வராதுங்க..." என்று ஆரம்பித்தாய். வேறு என்ன சொல்வாய்? நடந்தது அதுதான்.

குழுவே சிரித்தது. "இது எங்களுக்கே மனப்பாடம்மா. வேற இருந்தாச் சொல்லுங்க" என்றார் அவர்.

"இது நெசம். அந்தத் தங்கச்சிய நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"ஓகோ, இவுக உங்க சிநேகிதியா டீச்சர்? அப்ப நீங்க மார்க் போட வேணாம்."

வேலை வேறொருத்திக்குப் போனது. அவளும் உன்னிடம் படித்தவள்தான். அவளுக்காகத் தங்கையைத் தம்பியாக மாற்றிக்கொடுத்திருந்தாய்.

வாசலில், "நெசத்தச் சொல்றதுக்கும் எவளாவது கிளாஸ் எடுத்தாத் தேவலடி" என்றாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது தேர்வுக் குழுவுக்கு நானே தலைவி. அந்தக் கேள்வியை யாரையும் கேட்பதில்லை; ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்கிறேன். இன்று ஒரு பெண் பாடத்தின் நடுவில் நின்று, அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனதைச் சொல்லி அழுதாள். அந்த அழுகையை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் என் மனம் தேடியது. அவளை முழுவதும் பேசவிட்டேன். உனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவளை நம்பினேனா என்று மட்டும் கேட்காதே.