கம்மங்கொல்லைப் பாட்டு

என்னங்க,

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் ராக் பேண்ட் படம் போட்ட பனியனைக் கரித்துணியாக்கியது என் தப்புதான். அதற்காக, "இன்னா திமிரு உனக்கு? உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு" என்பீர்களா? கிளம்பிவிட்டேன். நைனார்பாளையத்தில் நிம்மதியாக இருக்கிறேன்.

எனக்கும் அந்த பேண்ட் மேல் ஒருகாலத்தில் பைத்தியம்தான். உலகமே கொண்டாடுகிற வெள்ளைக்காரர்கள் நம் ஊர்க் கம்மங்கொல்லையைப் பாடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தானே உங்களைக் கட்டிக்கொண்டேன்! ஆனால் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போதும், மாட்டைக் குளிப்பாட்டும்போதும், சர்ச்சுக்குப் போகிற வழியிலும் அதே கத்தல் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? மாடே அலுத்துப்போய் உதைக்கிறது.

நேற்று என் தங்கை ஜூலியா, போனில் அந்தப் பாட்டின் வரிகளை எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அது கம்மங்கொல்லையும் இல்ல, சோளக்கொல்லையும் இல்ல. 'கம் அண்ட் கால் மீ'ன்னு பாடிக்கினு இருக்கான்."

மிச்சமிருந்த ஆசையும் போய்விட்டது. பாட்டின் மேல் மட்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்களை அழைத்தால் காலர் டியூனிலும் அவன்தான் கத்துகிறான்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமாவது கேளுங்கள். இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியப் பாடுகிறீர்களே, ஒருமுறை அதன்படி நடந்தால்தான் என்ன? போனில் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பாட்டில் 'கம்' தான் முதலில் வருகிறது.

இப்படிக்கு,
கொண்டுவந்த பையை இன்னும் பிரிக்காதவள்