வெட்கம் என்று போட்டுவிட்டார்கள்

ஐப்பசி, வியாழக்கிழமை

ஆய்வு முடிவைச் சொல்லும் கூட்டம் இன்று பாளையங்கோட்டையில் நடந்தது. அணைக்கு அக்கரையில் மலைமேல் இருக்கும் எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்பின் பெண்களே கூடிப் பேசிக் கேள்விகளை முடிவுசெய்த ஆய்வு. வீடுவீடாகப் போய்ப் பதில் வாங்கியவள் நான். பிரசவத்துக்கு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்பதுதான் முதல் கேள்வி. வலி எடுத்த அன்று அணையைக் கடக்கப் படகு வரவில்லை, கரையிலேயே பிள்ளை பிறந்து இறந்தது என்று காளியம்மாள் மதினி என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா திரையில் காட்டியதில் படகே இல்லை. 'பழங்குடிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர வெட்கப்படுகிறார்கள்' என்று போட்டிருந்தது.

பக்கத்தில் இருந்த மதினி என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, நான் வெக்கப்பட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

எழுந்துவிட்டேன். "மேடம், யாரும் வெக்கம்னு சொல்லல. படகு இல்லன்னுதான் சொன்னாவ."

டாக்டரம்மா சிரித்தார். "படகெல்லாம் நம்ம ஆய்வுக்குள்ள வராதும்மா. பணம் குடுக்கவங்க பண்பாட்டுக் காரணத்தத்தான் கேக்காங்க."

அப்புறம், வீடுவீடாகப் போய்ப் பதில் வாங்கியதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மதினி தட்டவில்லை.

பாபநாசத்துக்குப் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும் மதினி சொன்னாள், "இனிமே கேள்வி கேக்கன்னு என் வீட்டுக்கு வராத. செத்த பிள்ளய நான் இன்னொருக்கச் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன்.

என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். படகு இன்னும் ஒழுங்காக வருவதில்லை. பிரசவம் வரைக்கும் அவளை மலைக்குக் கீழே யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று நாளைக்கே விசாரிக்க வேண்டும்.