தெருவுக்குச் சொன்ன காரணம்

பாபநாசம்
9.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் மணி கேட்டாலே இன்னும் கை நடுங்குகிறது. அதனால்தான் துபாய் திரும்பும் ஃபாஜில் அண்ணன் கையில் இந்தக் கடிதம். பயிர்க் காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்து, மழையில் வயல் அழிந்தவர்களின் ஏச்சை நாள் முழுக்கப் போனில் கேட்டவளுக்கு வேறென்ன ஆகும்? மன அழுத்தம் என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுத்து, ரெண்டு மாசமாக லீவில் இருக்கிறேன்.

மாமி என்ன செய்தார் தெரியுமா? "பைத்தியம்னு பேசுவாங்கடி" என்று பயந்து, நான் முழுகாமல் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்! நீங்கள் நவம்பரில் வந்துபோனது தோதாகிவிட்டது. எதிர்வீட்டு கமருன்னிஸா அக்கா மாங்காய் கொண்டுவந்து தருகிறார். வாசலுக்குப் போனால் வயிற்றைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன், மூச்சு முட்டுகிறது. உங்கள் அம்மாதானே, மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மச்சான்.

உங்கள் ஷமீரா

பாபநாசம்
25.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுத ஒரு தாள்கூடவா அங்கே கிடைக்கவில்லை?

முந்தாநாள் எங்கள் மேனேஜர் நெடுமாறன் ஆப்பிளோடு பார்க்க வந்தார். மாமி அவரிடமும், "நாலாவது மாசம் தம்பி" என்றார். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப ஸ்ட்ரெஸ்ஸுன்னு சீட்டு வாங்கினது பொய்யாம்மா? விசாரணை வச்சா அசிங்கம். ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க" என்றார். வெளியாள் முன்னால் மாமியைப் பொய்க்காரி என்பதா? ஆப்பிளை வாங்கி உள்ளே வைத்தேன்.

நேற்று கூட வேலை பார்க்கும் கயல்விழி வந்து சத்தம் போட்டாள். "ஈ.எஸ்.ஐ. லீவுல இருக்கையில உன்னை நிறுத்த முடியாதுடி. நீயா எழுதிக் குடுத்தாத்தான் போச்சு. போன் எடுக்காத வேலை குடுங்கன்னு கேட்டு எழுது" என்கிறாள். எழுதலாம். ஆனால் அதற்கு முதலில் கர்ப்பம் பொய் என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் மாமி கேட்பார்.

உங்கள் ஷமீரா

துபாய்
6.3.2025

அன்புள்ள ஷமீரா,

வ அலைக்குமுஸ்ஸலாம். ரெண்டு கடிதமும் கிடைத்தன. நோன்பு நேரம், உடம்பைப் பார்த்துக்கொள்.

மேனேஜர் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிடு. என் சம்பளம் போதாதா? பெருநாளைக்கு வருகிறேன். அதற்குள் கரு தங்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொள்வார். நாலு நாள் படுத்துக் கிட, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மனசு சரியில்லை என்று மட்டும் வெளியே சொல்லிவிடாதே. எனக்கு ஊரில் தலைகாட்ட வேண்டும்.

அன்புடன்,
ஜாஃபர் சாதிக்

குத்தாலம்
17.3.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானம் கமருன்னிஸா அக்கா பாலோடு வந்தார். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நோன்பு எதுக்கும்மா? குடி" என்று வாயருகே நீட்டினார். மாமி, குடித்துவிடு என்று கண்ணைக் காட்டினார். இல்லாத பிள்ளைக்காக நோன்பை முறிப்பதா? அப்புறம் அதே பிள்ளை போய்விட்டதென்று படுத்து அழுவதா? அல்லாஹ், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "புள்ளையெல்லாம் இல்லக்கா. மனசு சரியில்ல. அதுக்குத்தான் லீவு" என்று சொல்லிவிட்டேன். அக்கா பால் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நோன்பு தொறக்கக் கஞ்சி குடுத்து விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் மச்சான். அதற்கா இத்தனை நாள் ஒளித்து வைத்தீர்கள்!

மாமிதான் என் முகத்தில் விழிக்கவில்லை. அத்தா வந்து என்னைக் குத்தாலத்தில் நான் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

ராஜினாமா எழுதவில்லை. கர்ப்பம் இல்லை என்று எழுதி, டாக்டர் சீட்டை இணைத்து, போன் எடுக்காத வேலை கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. கை நடுக்கமும் போகவில்லை.

பெருநாளைக்கு வரும்போது ஊரில் என்னைப் பற்றிக் கேட்பார்கள். "அவளுக்கு மனசு சரியில்லை, லீவில் இருக்கிறாள்" என்று அவர்களிடம் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் குத்தாலத்துக்கு வாருங்கள். முடியாவிட்டால் வர வேண்டாம்.

ஷமீரா